வீட்டுச் செலவுக்கு ரொக்கமா, கார்டா? நான் ரொக்கத்தின் பக்கம் நிற்கும் காரணம்

எங்கள் வீட்டில் செலவுகளை இரண்டாகப் பிரித்துவிட்டோம். வாடகை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், காப்பீடு, கடன் தவணை எல்லாம் ஆன்லைனில் போகின்றன. மளிகை, காய்கறி, மருந்து, முடிவெட்டு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் என்று நாள்தோறும் கைவிட்டுப் போவதெல்லாம் ரொக்கத்தில். சில வருடங்கள் எல்லாவற்றையும் கார்டிலும் போனிலும் செலுத்திப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு இது. அதனால் இந்த அலசலில் நான் நடுவில் நிற்கவில்லை. அன்றாடச் செலவுக்கு ரொக்கம்தான் சரி என்பது என் கருத்து.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கார்டும் ஆப்பும் வசதிதான். சில்லறைத் தொல்லை இல்லை, ஏடிஎம் தேடி அலைய வேண்டாம், வெளியூரில் இருந்தாலும் கட்டணம் கட்டலாம். ரொக்கம் தொலைந்தால் தொலைந்ததுதான். வீட்டில் கிடக்கும் நோட்டுக்கு வட்டி கிடையாது, விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பும் குறையும். எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் ரொக்கமாக வைத்திருக்கும் வீட்டில் வட்டி இழப்பு பேசும் அளவுக்கு இருக்காது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம். இந்த வாரம் செலவழிக்க இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும், யாரையும் கேட்காமலே தெரிய வேண்டும்.

ஆப்பில்தான் இருப்பு தெரிகிறதே என்பார்கள். தெரிவது கணக்கின் இருப்பு. சம்பளம் விழுந்ததும் பெரிய எண் ஒன்று காட்டும். அதற்குள் இன்னும் போகாத வாடகை இருக்கிறது, அடுத்த வாரம் பிடிக்கப்போகும் தவணை இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீட்டுக்காக ஒதுக்கியதும் இருக்கிறது. இவற்றையெல்லாம் கழித்தால் மளிகைக்கும் காய்கறிக்கும் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. நாம்தான் மனக்கணக்குப் போட வேண்டும், கடை வரிசையில் நின்றுகொண்டு அதை யாரும் போடுவதில்லை. அப்புறம், அந்த எண் எப்போதும் அன்றைய நிலவரமாகவும் இருப்பதில்லை. சில கார்டுச் செலவுகள் ஓரிரு நாள் நிலுவையில் நின்ற பிறகே கணக்கில் ஏறும். திருப்பிக் கொடுத்த பொருளுக்கான பணம் இன்னும் தாமதமாக வரும். கிரெடிட் கார்டின் ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் மாதத்தின் நடுவில் எங்கோ ஒரு தேதியில் முடியும். பாதி மாதச் செலவு ஒரு பில்லிலும் மீதி அடுத்த பில்லிலும் போய்விட, இந்த மாதம் எவ்வளவு ஆனது என்பதே பிடிபடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. வீட்டில் செலவழிப்பது ஒருவர் மட்டும் இல்லை. கணவனும் மனைவியும் செலவழிக்கிறார்கள், கடைக்குப் போகும் வயதுப் பிள்ளை செலவழிக்கிறது, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களும் வாங்குகிறார்கள். ஆனால் இருப்பு தெரிவது ஒருவருடைய போனில். மற்றவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்பவருக்கும் கூச்சம், சொல்பவருக்கும் சலிப்பு. மாதக் கடைசியில் 'இவ்வளவு எங்கே போனது' என்ற பேச்சு வரும்போது செலவு நடந்து முடிந்திருக்கும். அந்தப் பேச்சு யாரையாவது குற்றம் சாட்டுவதில்தான் போய் நிற்கும். பணம் ஒரு டப்பாவில் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. புதன்கிழமை டப்பாவைத் திறக்கும் எவருக்கும் ஞாயிறுவரை தாங்குமா என்று தெரிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். செலவைக் குறைக்கச் சொல்லி யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மிச்சம் பிடித்த பணத்தைவிட இந்த நிம்மதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ரொக்கம் கொடுக்கும்போது மனதில் சுருக்கென்று ஒன்று தைக்கும், கார்டைத் தட்டும்போது அது தைப்பதில்லை. இதை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரேசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுகளை எம்பிஏ மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். கிரெடிட் கார்டில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிடச் சராசரியாக இரண்டு மடங்கு அளவுக்கு விலை கேட்டார்கள். அது மாணவர்களிடம் நடந்த ஏலம், வாங்கியதும் ஆட்ட டிக்கெட். வீட்டு மளிகையிலும் அதே மடங்கு ஏறும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு நெருக்கமான ஆய்வு மனோஜ் தாமஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்டது. 1,000 குடும்பங்கள் ஆறு மாதம் வாங்கிய பொருட்களைப் பார்த்தபோது, கார்டில் செலுத்தியவர்களின் கூடையில் உடம்புக்கு ஆகாத, கண்டதும் ஆசைப்பட்டு எடுக்கிற தின்பண்டங்கள் அதிகம் இருந்தன. அரிசி பருப்பு எதில் செலுத்தினாலும் ஏறக்குறைய அதே அளவுதான் வாங்குவோம். வித்தியாசம் கூடையின் மேல்தட்டில்தான் வருகிறது என்பது என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகிறது.

சரி, ரொக்கத்தை எப்படிப் பிரிப்பது? மாதத்துக்கு மொத்தமாக எடுத்து வைத்தால் முதல் வாரத்திலேயே கை தாராளமாகிவிடும், அதனால் வாரத்துக்கு ஒருமுறை எடுப்பதுதான் நல்லது. இங்கே பலரும் மாத ஒதுக்கீட்டை நாலால் வகுத்துவிடுகிறார்கள். அது 28 நாளைக்குத்தான் வரும். பிப்ரவரி தவிர மற்ற மாதங்களில் இரண்டு மூன்று நாள் துண்டு விழும், அப்போதுதான் கார்டை எடுக்கத் தோன்றும், முறை உடையும். மாதத் தொகையை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுங்கள். வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஆனால் வருடக் கடைசியில் ஓரிரு நாள் தவிரத் துண்டு விழாது.

எந்த நோட்டாக வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தொகை பெரிய நோட்டாகக் கையில் இருந்தால் மக்கள் அதை உடைக்கத் தயங்குகிறார்கள், சில்லறையாக இருந்தால் எளிதாகச் செலவழிக்கிறார்கள் என்று காட்டினார்கள். நாங்கள் வாரத்தின் முதல் பாதிக்கானதைச் சிறிய நோட்டுகளாகவும் மறுபாதியைப் பெரிய நோட்டுகளாகவும் வைக்கிறோம். பெரிய நோட்டை மாற்றுகிறவர் அதை மற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். விதியாக வைக்கவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது.

டப்பாவுக்குள்ளும் மளிகைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று பணத்தைத் தனித்தனிக் கவரில் போடுவது கணக்குப் பாடத்தின்படி அர்த்தமற்றது. மளிகைப் பணமும் மருந்துப் பணமும் ஒரே பணம்தான். ஆனாலும் மனிதர்கள் மனதுக்குள் பணத்துக்குத் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை விரிவாக ஆராய்ந்தவர் ரிச்சர்ட் தேலர், 2017-இல் பொருளாதார நோபல் பெற்றவர். மனம் எப்படியும் பிரித்துத்தான் பார்க்கும் என்றால், அந்தப் பிரிவினையை வீட்டுக்குச் சாதகமாகப் பயன்படுத்துவதில் தப்பில்லை.

ரொக்கத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவான ஒன்று, எதற்குச் செலவானது என்ற விவரம் மிஞ்சாது என்பது. உண்மைதான். ஆப்பில் கடைப் பெயர், தேதி, தொகை எல்லாம் தானாகப் பதிவாகும். ஆனால் அந்தப் பட்டியலை எத்தனை பேர் உட்கார்ந்து படிக்கிறோம்? வாரச் செலவில் எனக்குத் தேவைப்படுவது மொத்தத் தொகை, அது ஏடிஎம்மில் எடுத்த தொகையிலேயே தெரிந்துவிடுகிறது. விவரம் வேண்டும் என்று தோன்றினால் ஒரு மாதம் எல்லாவற்றையும் கார்டில் செலுத்தி, பட்டியலைப் பார்த்து ஒதுக்கீட்டைத் திருத்திக்கொண்டு மறுபடி ரொக்கத்துக்கு வரலாம்.

டிஜிட்டல் பக்கத்தில் ரொக்கத்துக்கு உண்மையான போட்டி ஒன்றுதான்: வீட்டுச் செலவுக்கென்றே தனிக் கணக்கு, அதற்கு மட்டும் ஒரு டெபிட் கார்டு. வாராவாரம் அந்தக் கணக்குக்குப் பணம் மாற்றினால், அங்கே தெரியும் இருப்பே மிச்சம். இருவருக்கும் கூட்டுக் கணக்காக இருந்தால் இருவர் போனிலும் தெரியும். தனியாக வாழ்பவருக்கும், இருவரும் போனைச் சரளமாகப் பயன்படுத்தும் வீட்டுக்கும் இது போதும் என்றுதான் நினைக்கிறேன். நான் இதை அதிக காலம் செய்து பார்த்ததில்லை, அதனால் உறுதியாக நிராகரிக்க மாட்டேன். பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள வீட்டில் டப்பாவுக்கு அது ஈடாகுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கிரெடிட் கார்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1950-இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டையில் மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வட்டி கட்டும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது 1958-இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா வெளியிட்ட அட்டை. இன்று ஸ்டேட்மென்ட்டில் முழுத் தொகைக்குப் பக்கத்தில் அச்சாகும் 'குறைந்தபட்சத் தொகை' அந்த வழியில் வந்ததுதான். அதை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், எப்போதோ சாப்பிட்டுத் தீர்த்த மளிகைக்கு மாதக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருப்போம். முழுத் தொகையையும் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு ரிவார்டு பாயின்ட் லாபம்தானே என்று கேட்கலாம். பாயின்ட்டுக்கான பணத்தில் பெரும்பங்கு கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கார்டு வழங்கும் வங்கிக்குப் போகும் கட்டணத்துக்கு டெபிட்டில் 0.2 சதவீதம், கிரெடிட்டில் 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு மேல் வங்கியால் தாராளமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. பாயின்ட் கிடைக்கிறதே என்று கூடையில் ஒரு பொருள் கூடுதலாக விழுந்தாலே அந்த லாபம் போய்விடும்.

கார்டு தெளிவாக வெல்லும் இடம் பெரிய கொள்முதல். குளிர்சாதனப்பெட்டி, விமான டிக்கெட், முன்பணம் கட்டி ஆர்டர் செய்யும் எதுவும் ரொக்கத்தில் வாங்காதீர்கள். பொருள் வராவிட்டாலோ கடை மூடிவிட்டாலோ கார்டு வழங்கிய வங்கியிடம் முறையிட வழி இருக்கிறது. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால் விற்றவரோடு சேர்த்து கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. அமெரிக்கச் சட்டத்தில், திருடப்பட்ட கிரெடிட் கார்டால் உரிமையாளருக்கு வரும் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். ரொக்கத்துக்கு இந்த மாதிரிப் பாதுகாப்பு எங்குமே கிடையாது. மாதக் கட்டணங்களுக்கும் ஆன்லைன்தான் மேல். தேதி தவறாது, ரசீது தொலையாது. ஆட்டோ டெபிட் போட்ட சந்தாக்களை மட்டும் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள், பார்க்காமல் விட்டதெல்லாம் போய்க்கொண்டே இருக்கும்.

நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் கொஞ்சம் ரொக்கம் வீட்டில் இருக்கட்டும். 2018 ஜூன் 1 அன்று விசா கார்டு நிறுவனத்தின் வலையமைப்பில் ஏற்பட்ட கோளாறால் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான கார்டுப் பரிவர்த்தனைகள் நின்றன. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ஒரு தொலைத்தொடர்பு வலையமைப்பு முடங்கியதும் நாடு முழுக்க டெபிட் கார்டுகள் கடைகளில் வேலை செய்யவில்லை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்சாரம் நின்று இருண்டபோது, கையில் நோட்டு இருந்தவர்களால்தான் பல கடைகளில் ஏதாவது வாங்க முடிந்தது. நெதர்லாந்தின் மத்திய வங்கி 2025-இல், மூன்று நாள் தேவைக்காகப் பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ என்று வீட்டில் ரொக்கம் வைத்திருக்கச் சொன்னது. பெரும்பாலும் கார்டிலேயே வாழும் நாடு அது. அந்த அளவை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். வாரச் செலவு டப்பாவோடு சேர்க்காமல், சிறிய நோட்டுகளாகத் தனியே வையுங்கள். மின்சாரம் இல்லாத கடையில் பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைப்பது கஷ்டம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் சீராக வரும் வீட்டில்தான் இந்த வாரக் கணக்கை நான் நடத்தியிருக்கிறேன். வருமானம் ஒரு மாதம் ஏறி ஒரு மாதம் இறங்கும் வீடுகளில் வாரத் தொகையை நிலையாக வைப்பது எளிதல்ல. அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவாகச் சம்பாதித்த மாதத்தை அளவாக எடுத்து வாரத் தொகையை நிர்ணயித்து, நல்ல மாதங்களில் வரும் கூடுதலைக் கணக்கிலேயே விட்டு வைத்துப் பார்க்கலாம்.