சிட்காம் ஸ்கிரிப்ட் போட்டி: 499 ரூபாய் போனால் போகட்டும், ‘பைபிளை’ அனுப்பிவிடாதீர்கள்

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தமிழ் சிட்காம் (ஒரே சூழலில், அதே கதாபாத்திரங்களோடு ஓடும் நகைச்சுவைத் தொடர்) ஸ்கிரிப்ட் போட்டி ஒன்றில் பணம் கட்டி ஏமாந்தவர்களுக்காகவும், இனிமேல் கட்டப் போகிறவர்களுக்காகவும் இந்தப் பதிவு. போட்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, அடுத்த சுற்றில் வேறு பெயரில் அதே போஸ்டர் வரும். அது நடந்த விதத்தையும், யாரும் படிக்காமல் டிக் போட்ட அதன் விதிமுறைகளையும் பிரித்து வைத்தால், எந்தப் பெயரில் வந்தாலும் முகம் தெரிந்துவிடும்.

நுழைவுக் கட்டணம் 499 ரூபாய். முதல் பரிசு ஒரு லட்சம், கூடவே ‘ஓடிடியில் தயாரிப்பு வாய்ப்பு’. எந்த ஓடிடி என்று எங்கும் இல்லை. கடைசித் தேதி மூன்று முறை தள்ளிப்போனது. மூன்றாவது தேதி முடிந்த ஒன்பதாம் நாளே ‘வாழ்த்துகள், முதல் 50 பேரில் நீங்களும் ஒருவர்’ என்று மின்னஞ்சல். அடுத்து ‘ஸ்கிரிப்டை மெருகேற்றும் பயிற்சி’க்கு 4,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 5,310. அதையும் கட்டியவர்களுக்கு வடபழனி ஓட்டல் ஹாலில் ‘பிட்ச் டே’, அதாவது தயாரிப்பாளர்களிடம் நேரில் கதை சொல்லும் நாள், அதற்கு 12,000. தயாரிப்பாளர்கள் என்று உட்கார வைக்கப்பட்டவர்கள் எந்த நிறுவனம் என்று கேட்டால் சிரித்தார்கள். சான்றிதழ், சால்வை, குரூப் போட்டோ. கடைசியில் முதல் பரிசு அறிவிக்கப்பட்டவரிடமும் ‘வரி 30,000 முன்கூட்டிக் கட்டினால்தான் ஒரு லட்சம் விடுவிக்கப்படும்’ என்றார்கள்.

அந்தக் கடைசி வரி ஒன்றே போதும். பணப் பரிசில் வரி பிடிக்க வேண்டியிருந்தால் கொடுப்பவர் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார், பிடித்த தொகை வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் தெரியும். பரிசு வாங்குபவர் யூபிஐயில் முன்பணமாக வரி அனுப்பும் ஏற்பாடு வருமான வரித் துறையில் கிடையாது. ஜிஎஸ்டி வாங்கினார்களே, அந்த ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்ததா? தமிழ்நாட்டில் பதிவான எண் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் வந்துவிடும். எண்ணே இல்லாமல் 18 சதவீதம் வசூலித்தால் அது வரியே இல்லை, டிப்ஸ்.

அந்த ஒன்பது நாள் கணக்கையும் பாருங்கள். 28 பக்க ஸ்கிரிப்ட் ஒன்றை ஒழுங்காகப் படித்து மதிப்பெண் போட அரை மணி நேரம் ஆகும். 600 ஸ்கிரிப்ட் வந்திருந்தால் 300 மணி நேரம். போஸ்டரில் இருந்த நடுவர்கள் இரண்டே பேர். ஆளுக்கு 150 மணி, அதாவது ஒன்பது நாளும் தினம் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வேறு வேலை பார்க்காமல் படித்திருக்க வேண்டும். ‘நடுவர் கருத்து’ என்று வந்த மின்னஞ்சல்களை ஒப்பிட்டதில், ‘கதாபாத்திரங்கள் நன்றாக அமைந்துள்ளன, இரண்டாம் பகுதியில் வேகம் சற்றுக் குறைகிறது’ என்று எல்லோருக்கும் ஒரே வாசகம். ஒரு கதாபாத்திரத்தின் பெயர்கூட அதில் கிடையாது. படித்தவர் எழுதும் கருத்தில் பக்க எண் இருக்கும், எந்தச் சீனில் சிரிப்பு விழவில்லை என்றிருக்கும், ‘இந்த ஆள் போன சீனில் கஞ்சன், இதில் எப்படி டிரீட் வைக்கிறான்’ என்ற மாதிரிக் கேள்வி இருக்கும்.

கட்டணம் வாங்கினாலே மோசடி என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆஸ்டின் திரைப்பட விழாவின் ஸ்கிரிப்ட் போட்டி கட்டணம் வாங்கித்தான் நடக்கிறது, அதில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்குத் தனிப் பிரிவும் உண்டு. பிபிசி புதிய எழுத்தாளர்களிடம் ஸ்கிரிப்ட் கேட்டு வாங்கும்போது கட்டணமே வாங்குவதில்லை. பணம் வாங்குகிறார்களா என்பதைவிட, முடிவு வந்த பிறகும் பணம் கேட்கிறார்களா என்பதுதான் கவனிக்க வேண்டியது. தேர்வானவரிடம் வசூல் தொடங்கினால் அங்கே போட்டி வெறும் வாசல், கடை உள்ளே.

போன பணம் போகட்டும். 5,310க்கும் 12,000க்கும் அழுதவர்கள் பலர், ஆனால் பெரிய இழப்பு பணமில்லை. விண்ணப்பத்தில் பைலட் ஸ்கிரிப்டோடு (முதல் எபிசோடின் ஸ்கிரிப்ட்) சேர்த்து ‘சீரீஸ் பைபிள்’ கேட்டிருந்தார்கள்: எல்லாக் கதாபாத்திரங்களின் முழு விவரம், அவர்களுக்குள் இருக்கும் முட்டல் மோதல், 26 எபிசோடுகளுக்கான ஒன்லைன் (ஓரிரு வரிக் கதைச் சுருக்கம்), எபிசோடுதோறும் திரும்பத் திரும்ப வரும் வசனங்களின் பட்டியல். சிறுகதைப் போட்டிக்குக் கதையை அனுப்பினால் கதை மட்டும் போகும். சிட்காமில் அப்படியில்லை. சிட்காமின் மதிப்பு ஒரு எபிசோடில் கிடையாது, நூறு எபிசோடு ஓட்டக்கூடிய அந்தச் சூழலில் இருக்கிறது.

ஒரு உதாரணம். சொந்த மாமனாருக்கே மாடி போர்ஷனை வாடகைக்கு விட்ட மருமகன். மாதம் பிறந்தால் வாடகை கேட்க வேண்டும், மரியாதையும் கெடக் கூடாது. நடுவில் மனைவி, ஒரு கட்சிக்கு மகள், மறு கட்சிக்கு வீட்டுக்காரி. இவ்வளவு சொன்னதும் ஈபி மீட்டர் சண்டை, மோட்டார் போடும் நேரம், ஒழுகும் குளியலறை, திடீரென்று வந்து இறங்கும் மாமனாரின் தம்பி என்று எபிசோடுகள் தானாகவே வரிசையில் நிற்கும். அதாவது சூழலைச் சொன்னவர் தொடரையே சொல்லிவிட்டார். மாமனாரை மாமியாராக மாற்றி, அம்பத்தூரைத் தாம்பரமாக்கி, வசனத்தைப் புதிதாக எழுதி ஒருவர் எடுத்தால் உங்கள் பைலட்டை அவர் திருடவில்லை என்றே ஆகும்.

ஏனென்றால் பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை, எழுதிய வடிவத்தைத்தான் காக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் – டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் 1978ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தன் மேடை நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்ட நாடக ஆசிரியர் அதில் தோற்றார். ஆனால் இன்னொரு கதவு உண்டு. ஜீ டெலிஃபிலிம்ஸ் – சன்டியல் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் 2003ல் மும்பை உயர் நீதிமன்றம், தொலைக்காட்சித் தொடருக்கான கருத்தை ரகசியம் என்ற நம்பிக்கையில் ஒருவரிடம் சொல்லியிருந்தால், அதை அவர் எடுத்துக்கொள்வதைத் தடுக்கலாம் என்றது. கருத்துக்கு எழுத்தாளரிடம் இருக்கும் ஒரே கேடயம் கிட்டத்தட்ட இதுதான்.

இந்தப் போட்டியின் ஒன்பதாவது விதி அந்தக் கேடயத்தைத்தான் கழற்றி வாங்கிக்கொண்டது: ‘அனுப்பப்படும் எதுவும் ரகசியமாகக் கருதப்படாது.’ பத்தாவது விதி, பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எல்லாப் படைப்புகளின் எல்லா உரிமைகளும் உலகம் முழுவதும் நிரந்தரமாக அமைப்பாளருக்கு என்றது. பதினொன்று, ராயல்டி கேட்க மாட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்.

பத்தும் பதினொன்றும் பயமுறுத்தும், ஆனால் முழுக்க நிற்காது. பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பதானால் 19வது பிரிவின்படி எழுத்திலும் கையெழுத்தோடும் இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்தப் பகுதி, எவ்வளவு தொகை என்பதும் அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, பகுதி குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்க்கப்பட்ட எழுத்துக்குத் திரையரங்குக்கு வெளியே வரும் வருமானத்தில் எழுத்தாளருக்குள்ள ராயல்டி பங்கை இப்படி எழுதி வாங்கவே முடியாது. தொலைக்காட்சித் தொடரும் சட்டத்தின் கண்ணில் படம்தான். பெயர் போடும் உரிமை 57வது பிரிவில் தனியாக நிற்கிறது, உரிமையை விற்றாலும் அது போகாது. டிக் போட்டது கையெழுத்தா என்றும் வாதாடலாம். வாதாட வக்கீல் வேண்டும், அந்த வக்கீல் 499க்கு வர மாட்டார். அதனால்தான் ஒன்பதாவது விதியைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிடச் சொல்கிறோம்.

‘இதே போன்ற கருத்து எங்களிடம் முன்பே இருக்கலாம்’ என்ற விதி மட்டும் இருந்தால் பதற வேண்டாம். நேர்மையான நிறுவனங்களும் அதைக் கேட்கும். மாமனார் – மருமகன் கதை பத்துப் பேருக்கு ஒரே வாரத்தில் தோன்றும்.

அப்படியானால் என்ன அனுப்பலாம்? பைலட் ஸ்கிரிப்ட் மட்டும், 22 முதல் 30 பக்கம். அதோடு அரைப் பக்க அறிமுகம், கதாபாத்திரத்துக்கு இரண்டு வரி. பின்னால் வரும் எபிசோடுகளில் இரண்டோ மூன்றோ ஒன்லைன் போதும், 26 கேட்பவர் நடுவர் இல்லை, கதை டிஸ்கஷனுக்கு இலவசமாக ஆள் பிடிப்பவர். அனுப்பும் மின்னஞ்சலிலும் ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலும் ‘போட்டி மதிப்பீட்டுக்காக மட்டும், ரகசியம்’ என்று ஒரு வரி போடுங்கள்.

அனுப்பும் முன் பதிவு செய்யுங்கள். மும்பையில் உள்ள ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினர்கள் ஆன்லைனிலேயே பதியலாம். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய், ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு, சான்றிதழ் வர மாதக் கணக்கில் ஆகலாம். பதியும்போது ஒன்லைனைப் பதியாமல் வசனம் எழுதி முடித்த முழு ஸ்கிரிப்டைப் பதிய வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். உங்களுக்கு நீங்களே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். உறை பிரிக்கப்படவில்லை என்று நிரூபிப்பதே தனி வழக்காகிவிடும்.

இன்னொரு சில்லறைத் தந்திரம்: ‘தொழில்நுட்பக் காரணத்தால் நிராகரிப்பு, கட்டணம் திரும்பாது.’ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவர்கள் இதில் மாட்டினார்கள். யூனிகோடில் அடித்து, எழுத்துருவை உள்ளே சேர்த்த பிடிஎஃப் ஆக்கி, வேறொருவர் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். ‘பக்கத்துக்கு ஒரு நிமிடம்’ என்ற கணக்கு கூரியர் என்ற ஆங்கில எழுத்துருவுக்கானது. தமிழில் அது பொருந்தாது, இரண்டு பேர் வாய்விட்டுப் படித்து நேரம் பார்ப்பதுதான் வழி.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் முதலில் விதிமுறைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், அது மாறிவிடும். யூபிஐ பரிவர்த்தனை எண், பணம் போய்ச் சேர்ந்த பெயர் (இங்கே அது நிறுவனம் இல்லை, தனி நபர்), மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். பணம் சமீபத்தில் போனதென்றால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், நேரம் ஆக ஆகப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு குறையும். சேவைக் குறைபாடு என்றால் 1915 நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். திருநெல்வேலிக்காரர் வடபழனிக்கு அலைய வேண்டியதில்லை.

உரிமைக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் போதும்: ‘இந்தத் தலைப்பில், இந்தத் தேதியில் நான் அனுப்பிய பைலட் ஸ்கிரிப்டையும் சீரீஸ் பைபிளையும் திரும்பப் பெறுகிறேன். 19வது பிரிவின்படி எந்த உரிமையும் உங்களுக்கு எழுதித் தரவில்லை. பிரதிகளை அழித்துவிட்டு 15 நாளுக்குள் உறுதி செய்யவும்.’ பெரும்பாலும் பதில் வராது. அந்த மின்னஞ்சலோடு உங்கள் பதிவுச் சான்றையும் சேர்த்து வையுங்கள். ‘முதல் 50’ என்று வந்த அவர்களுடைய வாழ்த்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட் அவர்கள் கைக்குப் போனது என்பதற்கு அவர்களே எழுதித் தந்த சாட்சி அது.