தேதியைக் கேட்டு வாங்குதல்: ஸ்கேன்எஃப், எஃப்கெட்ஸ், ஸ்கேன்டபிள்யூ

சி மொழியில் எழுதிய முனைய நிரல் ஒன்று பயனரிடம் 15-08-1947 என்ற வடிவில் தேதியைக் கேட்கிறது. அவரோ 15/08/1947 என்று தட்டிவிடுகிறார். இங்கே ஒப்பிடும் மூன்று வழிகளுக்கும் இதுவே உரைகல்.

பாடப்புத்தகங்கள் முதலில் கற்றுத்தரும், உள்ளீட்டைப் படித்தபடியே பிரிக்கும் ஸ்கேன்எஃப் (scanf) செயற்கூறு, சாய்கோட்டைக் கண்டதும் 1 (ஓர் எண் மட்டுமே கிடைத்தது) என்ற மதிப்பைத் திருப்பிவிட்டு, படிக்காத எச்சத்தை உள்ளீட்டிலேயே விட்டுவிடுகிறது. அந்த எச்சத்தை அகற்றாமல் நிரல் மறுபடி கேட்டால், பயனர் விசையைத் தொடும் முன்பே அதே சாய்கோட்டில் மீண்டும் மீண்டும் தோற்று முடிவில்லாச் சுழலில் சிக்கும். தேதி சரியாக வந்தாலும் வரிமுடிவுக் குறி உள்ளேயே தங்கி, அடுத்து, ஒரு வரியை அப்படியே வாங்கும் எஃப்கெட்ஸ் (fgets) அழைக்கப்பட்டால் அதற்கு வெற்று வரியாகப் போய்ச் சேர்கிறது. எண் தன் வகையின் எல்லையை மீறினால் என்ன நடக்கும் என்பதைத் தரநிலை வரையறுக்கவே இல்லை.

எஃப்கெட்ஸ் கொண்டு முழு வரியையும் வாங்கி, அதன்பின், உள்ளீட்டுக்குப் பதில் சரத்திலிருந்து படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப் (sscanf) மூலம் பிரிப்பது இரண்டாம் வழி. வாங்குவதும் பொருள்கொள்வதும் தனித்தனி வேலைகளாகிவிடுவதால், பிழையான வரியை அப்படியே திரையில் காட்டிவிட்டுப் புதிதாகக் கேட்கலாம். வடிவச் சரத்தின் கடைசியில், எத்தனை எழுத்துகள் படிக்கப்பட்டன என்று சொல்லும் '%என்' (%n) சேர்த்தால், 1947-க்குப் பின் ஒட்டிக்கொண்ட குப்பையும் பிடிபடும். எல்லை மீறலையும் கண்டறிய வேண்டுமென்றால், சரத்தை எண்ணாக மாற்றும் ஸ்ட்ர்டாலே (strtol) உகந்தது. ஆனால் அதற்கு அடிமானம் 10 என்று வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். 0 கொடுத்தால் 08 எண்மமுறை (8 என்ற இலக்கமே இல்லாத, எட்டை அடிமானமாகக் கொண்ட முறை) எண்ணாகக் கருதப்பட்டு, 0 மட்டும் படிக்கப்படும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களும் 08, 09 ஆகிய நாள்களும் மட்டும் காரணம் புரியாமல் தகராறு செய்யும். வரி, அதை வைக்க ஒதுக்கிய அணியைவிட (array) நீளமாக இருந்தால் மிச்சம் அடுத்த அழைப்புக்குப் போகும் என்பதால், வரிமுடிவுக் குறி வந்ததா என்று பார்ப்பதும் அவசியம். தமிழ்ப் பெயர் கேட்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட்டுகள்.

முனையத் திரை முழுவதையும் கையாளும் நூலகமான என்கர்சஸ் (ncurses) கொண்டு எழுதிய நிரலுக்குள் ஸ்கேன்எஃப் பயன்படுத்தினால், தட்டிய எழுத்துகள் நூலகத்தின் கணக்கில் சேராமல் திரை குலையும். அதற்கென உள்ளது ஸ்கேன்டபிள்யூ (scanw). அது முதலில் ஒரு வரியை வாங்கிப் பிறகே பிரிப்பதால், உண்மையில் இரண்டாம் வழிக்கே வேறு சட்டை மாட்டியதுதான், எச்சம் தங்குவதில்லை. தட்டும் எழுத்துகளைத் திரையில் காட்டாத நோஎக்கோ (noecho) நிலையில் பயனர் தட்டுவது அவருக்கே தெரியாது என்பதால், முன்னதாக எக்கோவை இயக்க வேண்டும். ஆனால் வாங்கிய வரி நம் கைக்கு வருவதில்லை. ஆகவே அங்கும் நீள எல்லையுள்ள கெட்என்ஸ்ட்ர் (getnstr) கொண்டு வரியை வாங்கி, ஸ்ட்ர்டாலிடம் கொடுப்பதையே நான் தேர்வேன். பல புலங்களைக் கொண்ட படிவம் என்றால், எண்ணின் கீழெல்லையையும் மேலெல்லையையும் தானே சரிபார்க்கும் ஃபார்ம் நூலகம் என்கர்சஸுடனேயே வருகிறது.