ஒளியை முந்தும் கப்பல், ஒரே ஒரு கம்பெனி: ஏழு வருட விளையாட்டு அனுபவம்

நாங்கள் ஐந்து பேர் ஏழு வருடமாக மாதம் ஒருமுறை கூடி ஒரு ரோல்பிளே விளையாட்டு ஆடி வருகிறோம். ஆளுக்கு ஒரு பாத்திரம், உருட்ட டைஸ், மற்றதெல்லாம் பேச்சு. கதையை நடத்துவது நான். உலகமும் நாங்களே கட்டியது. அங்கே விண்மீன் விட்டு விண்மீன் போக ஒளியை முந்தும் எஞ்சின் இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தது ஒரே ஒரு கம்பெனிக்குத்தான். எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது.

இந்த ஒரு ஏற்பாடு ஏழு வருடத்தில் எங்கே தாங்கியது, எங்கே உடைந்தது என்று சொல்கிறேன். இப்படி ஓர் உலகத்தைக் கட்ட நினைப்பவர்களுக்கு, கதை எழுதுகிறவர்களுக்கும்தான், என் தவறுகள் உதவட்டும்.

முதலில், ஏன் ஒரே கம்பெனி? தூரம்தான் காரணம். சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்). வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக ஏறத்தாழ 75,000 வருடம் ஆகும். 2024 டிசம்பரில் பார்க்கர் விண்கலம் சூரியனை நெருங்கும்போது நொடிக்கு 192 கிலோமீட்டரைத் தொட்டது. அதே வேகம் குறையாமல் போனாலும் 6,600 வருடம். எனவே ஒளியை முந்தும் வழி ஒருவர் கையில் மட்டும் இருந்தால், போட்டிக்கு நிற்பவர் மெதுவான கப்பல்காரர் இல்லை. போட்டியே இல்லை. சாலையை வைத்திருப்பவரைச் சுற்றிப் போகலாம், இங்கே சுற்றிப் போகவும் பாதை கிடையாது. இந்த அழுத்தம் கதைக்குத் தானாகக் கிடைக்கிறது, நாம் உழைத்து உண்டாக்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் வருடம் இதை நான் வீணடித்தேன். கம்பெனியை வில்லனாக வைத்தேன். கறுப்புச் சீருடை, கடத்தல், மிரட்டல் என்று போனது. மூன்று மாதத்தில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. அடிக்க வருகிறவனைத் திருப்பி அடிக்கலாம், அவ்வளவுதான், அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. கம்பெனி ஆட்களை மரியாதையாகப் பேசும், வேலையைச் சரியாகச் செய்யும், கப்பலை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் மனிதர்களாக மாற்றிய பிறகுதான் விளையாட்டு உயிர் பெற்றது. அவர்கள் எதையும் தடுப்பதில்லை. "இந்த மாதம் இடம் இல்லை" என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு என் விளையாட்டாளர்கள் துப்பாக்கியைவிட அதிகமாகப் பயந்தார்கள். எங்கள் மேசையில் அந்தக் கம்பெனிக்குப் பெயர் வைக்கவே இல்லை. ஒருநாள் ஒருவன் "கும்பினி" என்று சொன்னான். அந்தப் பழைய சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1600இல் அரச பட்டயம் வாங்கி ஒரு கண்டத்தின் வணிகத்தையே தனதாக்கிக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனியை நம் முன்னோர் அப்படித்தான் அழைத்தார்கள். பெயரிலேயே பாதி வரலாறு வந்துவிட்டதால், நான் விளக்கிச் சொல்ல வேண்டிய பாரம் குறைந்தது.

இரண்டாம் வருடத்தில்தான் இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் பிடிபட்டது. கும்பினியின் பிடி கப்பலில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. எங்கள் உலகத்தில் ஒளியை முந்தும் ரேடியோ கிடையாது. ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி வேகமாகப் போக வேண்டுமானால் கப்பலில்தான் போக வேண்டும். அப்படியானால் எந்தக் குடியேற்றத்தில் என்ன விலை, எங்கே பஞ்சம், எங்கே கலகம், யார் இறந்தார் என்பதெல்லாம் கும்பினிக்கு முதலில் தெரியும். மற்றவர்களுக்கு அது கொடுக்கும்போது தெரியும். கடிதத்தைப் பிரிக்கக்கூட வேண்டாம், பத்து நாள் தாமதித்தால் போதும். ஒருமுறை என் விளையாட்டாளர்கள் ஒரு குடியேற்றத்துக்கு மருந்து கொண்டுபோனார்கள். போய் இறங்கினால் நோய் எப்போதோ தணிந்திருந்தது. நோய் தணிந்த செய்தி வந்த கப்பலிலேயேதான் அவர்களும் ஏறிப் போயிருந்தார்கள்; அந்தச் செய்தி யாருக்கும் கொடுக்கப்படாமல், சரக்கறையில் இருந்த மூட்டைக்குள் கடிதமாகக் கிடந்தது. அன்றைக்கு மேசையில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. இந்த வகை உலகம் கட்டுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: டிக்கெட் விலையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், தபால் யார் கையில் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து ரகசியம். இத்தனை பெரிய தொழில்நுட்பத்தை ஒருவர் எத்தனை காலம் மூடி வைக்க முடியும் என்று எங்களுக்குள் நிறைய விவாதம் நடந்தது. காப்புரிமை வாங்கினால் பொதுவாக 20 வருடம் பாதுகாப்பு, ஆனால் செய்முறையை வெளியிட்டாக வேண்டும். வெளியிடாமல் வைத்துக்கொண்டால் கெடுவே இல்லை, வெளியே கசியாதவரை. இது நடக்கக்கூடியதுதானா என்ற சந்தேகத்தைத் தீர்த்தது சேம்பர்லென் குடும்பம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரசவம் பார்த்த மருத்துவர்கள் இவர்கள். சிக்கிய குழந்தையை வெளியே எடுக்கும் இடுக்கியைக் கண்டுபிடித்து, நூறு வருடத்துக்கும் மேலாகக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். கருவியைப் பெரிய பெட்டியில் தூக்கி வருவார்களாம். தாயின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்களாம். 1813இல் ஒரு வீட்டின் தரைப் பலகைக்கு அடியிலிருந்து அவர்களுடைய இடுக்கிகள் கிடைத்தன. அந்த நூறு வருடத்தில் அந்தக் கருவி கிடைக்காமல் இறந்த தாய்மாரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. (கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகத்துக்கு ஆங்கிலேய நாடாளுமன்றம் முற்றுப்புள்ளி வைத்ததும் அதே 1813தான், தேயிலையையும் சீன வணிகத்தையும் மட்டும் விட்டுவைத்து.)

அந்தப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் கப்பலிலும் எஞ்சின் ஒரு முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும். இங்கேதான் என் பெரிய தவறு. மூன்றாம் வருடம் என் விளையாட்டாளர்கள் அதைத் திறக்க முயன்றார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது, பெட்டியை வெடிக்க வைத்துவிட்டேன். எங்கள் குழுவில் கப்பல் கணக்கர் பாத்திரம் ஆடும் தோழி நேராகக் கேட்டாள்: "அண்ணா, உள்ளே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" எனக்குத் தெரியாது. நான் யோசித்தே வைக்கவில்லை. அதை அவர்கள் கண்டுகொண்ட நிமிடத்தில் ரகசியத்தின் மேலிருந்த ஆசையே போய்விட்டது. மூடிக்குக் கீழே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு யார் மூடியைத் திறப்பார்கள்?

ஒரு மாதம் விளையாட்டை நிறுத்தி வைத்துப் படித்தேன். 1994இல் இயற்பியலாளர் மிகேல் அல்குபியேர் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கினேன். கப்பலுக்கு முன்னால் வெளியைச் சுருக்கி, பின்னால் விரித்தால் ஒளியை முந்தலாம் என்கிறது அவருடைய கணக்கு. ஆனால் அதற்கு எதிர்ம ஆற்றல், அதாவது வெற்று வெளியைவிடவும் குறைந்த ஆற்றல், வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் காலம். எந்த வேகத்தில் போகிறவருக்கும் எஞ்சின் ஒரே மாதிரி இயங்கும் என்றால், ஐன்ஸ்டீனின் சார்பியல்படி, இரண்டு பயணங்களைக் கோத்துக் கிளம்பிய நேரத்துக்கு முன்பே திரும்பி வந்துவிடலாம். அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. கப்பல் எந்த வேகத்தில் போனாலும், எஞ்சின் எல்லோருக்கும் பொதுவான ஒரே ஒரு பின்னணியை மட்டும் சார்ந்து இயங்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது பிரபஞ்ச நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சை, அதாவது பெருவெடிப்பிலிருந்து மிஞ்சி வானமெங்கும் நிறைந்திருக்கும் கதிர்வீச்சை. அதோடு ஒப்பிட்டால் நம் சூரியன் சிம்ம விண்மீன் கூட்டத்தின் பக்கமாக நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

இதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்கு ஒவ்வொரு தாவலும் அந்தப் பின்புலத்தின் கணக்கில் சரியாக 30 நாள். ஆனால் சூரியன் அந்தப் பின்புலத்தில் நகர்ந்துகொண்டிருப்பதால், சூரியனின் கடிகாரத்தோடு ஒத்துப்போகும் கடிகாரங்களில் பார்த்தால் அது திசைக்குத் திசை மாறும். சிம்மத்தில் உள்ள வுல்ஃப் 359 என்ற விண்மீன், ஏறத்தாழ 7.9 ஒளியாண்டு. போக இருபத்தாறரை நாள், வர முப்பத்துமூன்றரை. எதிர்த்திசையில், கும்பத்தில், ஏழு கோள்கள் கொண்ட ட்ராப்பிஸ்ட்-1, சுமார் 40 ஒளியாண்டு. போக 48 நாள், வர வெறும் 12. இந்தப் புறப்பாடு, வருகை அட்டவணையை எல்லாத் துறைமுகச் சுவரிலும் ஒட்டிவிட்டேன். வித்தியாசத்துக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் தாமதம் என்று கும்பினி காரணம் சொல்லும். இரண்டாவது முறை பெட்டியைத் திறந்தபோது வெடிக்கவில்லை. முக்கால்வாசி குளிரூட்டும் குழாய்கள், மீதி அவர்களுக்குப் புரியாத உலோகம். ரகசியத்தின் நுனி சுவரில் எல்லோர் கண்ணெதிரேயும் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது சுலபமாக இல்லை. கடைசியில் அதே தோழிதான் பழைய பயணக் குறிப்புகளை எல்லாம் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தாள். "போறதையும் வர்றதையும் கூட்டினா எப்பவும் 60 வருது. தாமதம்னா இப்படி வராதே!" துறைமுகக் கடிகாரங்கள் கும்பினியுடையவை என்பதால் அவற்றை நம்பாமல், சீராகத் துடிக்கும் பல்சர் விண்மீன்களின் துடிப்பை வைத்துத் தனியாக நேரம் சரிபார்த்தார்கள். சரியாக இருந்தது. மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். நான்கு பேரும் மாறி மாறிப் படித்தார்கள்.

சில சின்னக் குறைகளும் உண்டு. கட்டணத்தை ஆரம்பத்தில் மிக அதிகமாக வைத்ததால் ஐந்து மாதம் கதை ஒரே துறைமுகத்தில் நின்றது. கட்டணம் குறைவாகவும் காத்திருப்பு நீளமாகவும் இருப்பதே நல்லது. புதிதாகச் சேர்பவர்களுக்குத் தபால் விதியைப் புரியவைக்க இரண்டு அமர்வுகள் பிடிக்கின்றன. கதை நடத்துபவருக்குக் கணக்கு வேலை நிறைய. எந்தச் செய்தி எந்தத் தேதியில் எங்கே இருக்கிறது என்று நான் ஒரு தனி நோட்டு போட்டிருக்கிறேன், அது இல்லாமல் இந்த உலகம் ஒரு மாதம்கூட ஓடாது.

இப்போது அவர்கள் கையில் முதல் துப்பு இருக்கிறது. எஞ்சின் எதைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது என்று தெரிந்துவிட்டால், வேறொருவர் அதைச் செய்ய முயலலாம். ட்ராப்பிஸ்ட்டில் ஓர் ஆய்வுக்கூடம் அதற்குத் தயாராக இருக்கிறது. அங்கே செய்தியை அனுப்பக் கப்பல் உண்டு, ஆனால் அது கும்பினியின் கப்பல். போன அமர்வில் இரண்டு மணி நேரம் வாதாடிவிட்டு, சாதாரண ரேடியோவில் அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். போய்ச் சேர 40 வருடம் ஆகும். அவர்களுடைய பாத்திரங்களில் இருவர் அதற்குள் இறந்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் அனுப்பினார்கள். அடுத்த மாதம் கதை அங்கே, 40 வருடம் கழித்துத் தொடங்குகிறது. எல்லோரும் புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.