முதல் கயாக் பந்தயம்: எந்தப் படகில் உட்காரலாம்?

நாலு மைல்தானே என்று கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகுப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இங்கிலாந்தில் ஹாஸ்லர் தொடர் என்று கிளப்புகளுக்கு இடையே நடக்கும் மராத்தான் பந்தயங்களில் மொத்தம் 9 டிவிஷன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒன்பதில்தான் ஆரம்பிப்பார்கள். 9 முதல் 7 வரை சுமார் 4 மைல், 6 முதல் 4 வரை 8, 3 முதல் 1 வரை 12. டிவிஷனைப் பிரிப்பது வேகம்தான். வயதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. அதனால் தொடக்கக் கோட்டில் எனக்கு ஒரு பக்கம் பேத்தியோடு வந்த பாட்டி, மறுபக்கம் பள்ளிக்கூடப் பையன். இருவரும் என்னைத் தாண்டிப் போனார்கள், அது வேறு கதை.

என் தவறு துடுப்பில் இல்லை, படகில். கிளப் கொட்டகையில் என் முன்னால் இருந்தவை இவை.

முதலில் வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் படகு. 3 மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், எடை 25 கிலோ பக்கம். மேலே ஏறி நின்றால்கூட லேசில் கவிழாது. ஆனால் நகராது. படகு ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. நீளம் குறைந்த படகு சீக்கிரமே அந்த அலையில் மாட்டிக்கொண்டு, தான் எழுப்பிய மேட்டில் தானே ஏறப் பார்க்கிறது. 10 அடிப் படகுக்கு அந்த எல்லை மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே, 17 அடிப் படகுக்குப் பத்தைத் தாண்டி. போதாததற்கு ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கு இடமும் வலமும் ஆடும். பந்தயம் முடிக்கலாம், கடைசியாக. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, திரும்புமிடத்து மிதவையைக் கழற்றக் காத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து கடல் கயாக். 5 மீட்டருக்கு மேல் நீளம், 55 சென்டிமீட்டர் அகலம். நேராகப் போகும், காற்றுக்கு அசராது. கால்வாயில் லாக், அதாவது நீர்மட்டம் மாற்றும் மதகு, வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓட வேண்டும். அப்போதுதான் அதன் 25 கிலோ தெரியும். இன்னொரு குறை, உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்: முழங்கால்கள் இரண்டும் மேல்தளத்துக்கு அடியில் அகண்டு மாட்டியிருக்கும். காலால் உதைத்து இடுப்பைத் திருப்ப முடியாது. தோள்தான் முழு வேலையையும் செய்யும், மூன்றாவது மைலில் அது பேச ஆரம்பிக்கும்.

சர்ஃப் ஸ்கீ, மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த படகு, கடலுக்குப் பிறந்தது. விழுந்தால் மேலே ஏறி உட்கார்ந்தால் போதும், தண்ணீர் இறைக்க வேண்டாம். வெயில் ஊரில் இருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். மார்ச் மாதத் தேம்ஸில் ஈரத்தில் உட்காருவது வேறு விஷயம்.

அப்புறம் கே1, ஒருவர் ஓட்டும் பந்தயக் கயாக். நீளம் 5.2 மீட்டர், மராத்தானுக்குக் குறைந்தபட்ச எடை 8 கிலோ. தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையில் டீயோடு நடக்கலாம். பாதங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பி. அதை விரலால் தள்ளினால் அடியில் இருக்கும் சுக்கான் திரும்பும். முழங்கால்கள் சேர்ந்து உயர்ந்திருக்கும், வலது துடுப்புக்கு வலது கால் உதைக்கும். எல்லாம் அழகு, நிமிர்ந்து இருக்கும்வரை. சிறு வயதில் மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் முதல்முறை கையை விட்டபோது வயிற்றில் ஒன்று புரண்டதே, அதுதான் இதில் நிரந்தர நிலை.

ஆனால் கே1 என்பது ஒரே படகில்லை. நிலைத்து நிற்கும் தன்மைக்குப் படகுகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எண் கூடினால் ஆட்டம் குறையும். கொட்டகையில் அகலமான பழைய கே1 ஒன்றும், குறுகலான புதியது ஒன்றும் இருந்தன. பழையதன் வண்ணம் உரிந்திருந்தது. நான் புதியதை எடுத்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மைல் என்றால் சுமார் 6.4 கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் போனால் 48 நிமிடம், 9 போனால் 43. குறுகலான படகு மிச்சம் பிடித்துத் தருவது அந்த ஐந்து நிமிடம். ஒருமுறை கவிழ்ந்தால் படகைக் கரைக்கு இழுத்து, உள்ளே நிரம்பிய தண்ணீரைக் கொட்டி, நடுங்கிக்கொண்டே திரும்ப ஏறுவதற்குள் அந்த ஐந்து நிமிடம் போய்விடும். நான் கவிழ்ந்தது திரும்புமிடத்து மிதவையில். புதியவர்கள் பலர் அங்கேதான் கவிழ்கிறார்கள். நாலாபக்கமும் அலை, திரும்ப வேண்டிய அவசரம், பயத்தில் விறைத்த இடுப்பு. இன்னொரு நஷ்டமும் உண்டு. முன்னால் போகிறவரின் பக்கவாட்டு அலையில் ஒட்டிக்கொண்டு போனால் உழைப்பு நன்றாகக் குறையும். ஆடும் படகில் அவர் அருகே போகவே கை வராது.

இந்தத் தொடருக்குப் பெயர் தந்த ஹாஸ்லர், 1942 டிசம்பரில் மடக்குப் படகுகளில் பத்துப் பேராக பிரான்ஸின் போர்தோ துறைமுகம் நோக்கிப் போன பிரிட்டிஷ் வீரர்களின் தலைவர். உயிரோடு திரும்பியவர்கள் இருவர், அவர் ஒருவர். அவர்கள் போனதும் அகலமான, தட்டை அடி வைத்த படகில்தான்.

என் தீர்ப்பு: வண்ணம் உரிந்த அந்த அகலமான கே1. விலைக்கு வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள். பொறுமைசாலியான அனுபவக்காரர் ஒருவர் கூப்பிட்டால் இருவர் ஓட்டும் கே2-வின் பின் இருக்கை அதைவிட நல்லது: சுக்கான் அவர் பொறுப்பு, அவர் துடுப்பு இறங்கும்போது உங்களுடையதும் இறங்கினால் போதும். நீங்கள் விறைத்தால் இருவரும் நனைவீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படகைத் தேர்வு செய்ய ஒரு சோதனை, எனக்குப் பந்தயத்துக்குப் பிறகுதான் சொன்னார்கள். கரையோரம் உட்கார்ந்து துடுப்பை மடியில் வைத்து, பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்க வேண்டும். பழைய கே1-இல் செய்துவிட்டேன். புதியதில் மூடியைத் திருகும்போதே கவிழ்ந்தேன். பாட்டிலைக் கீழ்க்கரையில் வாத்துகளுக்கு நடுவே போய் எடுத்து வந்தேன்.