சவன்னா ஆற்றில் காசு வாங்காத படகு

மார்ச் கடைசி வாரம், அட்லாண்டாவிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி அம்மாவை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவன்னாவுக்குக் கூட்டிப்போனேன். ஃபோர்சைத் பூங்கா முழுக்க அசேலியா பூத்துக் கிடந்தது. "காகிதப்பூ மாதிரியே இருக்கு, முள்ளுதான் இல்ல" என்று ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்தாள் அம்மா. பூங்காவைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஆற்றைக் கடக்கும் படகைப் பற்றி.

சவன்னா பெல்ஸ் ஃபெர்ரி என்று பெயர். ரிவர் ஸ்ட்ரீட்டிலிருந்து எதிரே உள்ள ஹட்சின்சன் தீவுக்குப் போய்வருகிறது. கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது. வரிசையில் நின்று ஏறிக்கொள்ளலாம். சில நிமிடத்தில் அக்கரை. முந்தின நாள் நல்ல காசு கொடுத்து வேறொரு உல்லாசப் படகில் போனோம். ஒலிபெருக்கி ஓயவே இல்லை, சன்னலோரமும் கிடைக்கவில்லை. இந்தச் சின்னப் படகில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரையே பார்த்தாள்: நகர மன்றத்தின் (சிட்டி ஹால்) தங்கக் குவிமாடம், அந்தக் காலத்துப் பஞ்சுக் கிடங்குகளின் செங்கல் வரிசை, மேற்கே டால்மேட்ஜ் பாலம். கரையில் நின்றால் இத்தனையும் ஒருசேரத் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது படகுகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள். எல்லாமே இந்த ஊரோடு தொடர்புடைய பெண்கள். நாங்கள் ஏறியது சூசி கிங் டெய்லர். 1848-இல் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது ஜார்ஜியாவில் குற்றம் என்றிருந்த காலத்தில், சவன்னாவில் ஒரு வீட்டில் ரகசியமாக நடந்த வகுப்புக்குப் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி மறைத்து எடுத்துப்போய்ப் படித்தார். உள்நாட்டுப் போரில் பதினாலு வயதிலேயே ஆசிரியை ஆனார், பிறகு கறுப்பினப் படைப்பிரிவில் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டார். அடிமைகள் விளைவித்த பஞ்சால் பணம் பார்த்த கரையிலிருந்து அவர் பெயர் தாங்கிய படகு கிளம்புகிறது. அம்மாவுக்கு இதைச் சொன்னதும், இறங்கும்போது படகின் பக்கவாட்டை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

வயதானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க: பே ஸ்ட்ரீட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் கல்படிகள் செங்குத்து. ரிவர் ஸ்ட்ரீட்டில் பாவியிருப்பது கப்பல்கள் அடிப்பாரமாக ஏற்றிவந்த கற்கள், மேடும் பள்ளமுமாக இருக்கும். சிட்டி ஹால் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, அதில் இறங்குங்கள். ஆற்றில் கடல் ஏற்றவற்றம் ஏழெட்டு அடி வரை இருப்பதால், நீர் வற்றிய நேரத்தில் படகுத்துறைக்குப் போகும் பாதை நன்றாகவே சரியும். அக்கரையில் மாநாட்டு மண்டபமும் ஒரு பெரிய ஹோட்டலும்தான். அதனால் என்ன, அடுத்த படகில் திரும்பிவிடலாம். அப்புறம், வசந்தத்தில் பைன் மகரந்தம் மஞ்சள் பொடியாகப் படியும், கண்ணுக்கே தெரியாத பொடிப் பூச்சி கடிக்கும். முழுக்கைச் சட்டை நல்லது.

சாயங்காலம் மறுபடி கரையோரம் நடந்து, மொரெல் பூங்காவில் கைக்குட்டை வீசும் பெண் சிலை வரை போனோம். அவர் ஃபிளாரன்ஸ் மார்டஸ். 1887 முதல் 1931 வரை, இந்த ஆற்றில் போன கப்பல்களுக்குப் பகலில் துணியும் இரவில் விளக்கும் ஆட்டி வந்தவர். அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் கப்பல் எட்டுமாடி வீடு நகர்ந்து வருவதுபோல் வந்தது. அம்மா புடவைத் தலைப்பை எடுத்து ஆட்டினாள். மேல்தளத்தில் ஆரஞ்சு உடுப்பில் நின்றிருந்தவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை படகில் போய்வந்தோம்.