வெங்காயச் சருகும் ஹைபிரிட் பற்றரியும்

கராஜில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் கொடிகாமத்துச் சிநேகிதன் போன் எடுத்தான். "மச்சான், ஹைபிரிட் ஒண்டு பாக்கிறன். உன்ரை கார்க் கம்பனிக்குப் பழுதாகாது எண்ட பேர் இப்பவும் நிக்குதோ?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான்.

கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. யப்பான் வண்டி, பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட், அது போதும். 2018இல் றீக்கண்டிசனாக, அதாவது அங்கே ஓடி இங்கே இறக்கியதாக, வாங்கினேன். மாதம் ஒரு தடவையாவது யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் ஓடும். இஞ்சின் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் மட்டும் நிற்கும், அதுவும் தேங்காய் உடைக்க.

நின்றது பற்றரி. பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கிறது. அதன் வழியாகக் காற்றை இழுத்துத்தான் உள்ளே இருக்கும் விசிறி ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கிறது. இரண்டு சித்திரை வெய்யிலாக அந்த விசிறி இரைந்துகொண்டே இருந்தது. நான் ஏசி என்று நினைத்தேன். கடைசியில் ஸ்ரியறிங்குக்கு முன்னால் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது. கராஜ் தம்பி துவாரத்தைக் கழற்றினார். உரும்பிராய்ச் செம்மண், அதற்கு மேல் கைநிறைய வெங்காயச் சருகு. "அண்ணை, இனி வறுக்கிறதுதான் மிச்சம்" என்றார்.

சரி, பின் சீற்றில் வெங்காய மூட்டை ஏற்றியது நான்தான். ஆனால் மூட்டை வைக்கிற இடத்தில் மூக்கை வைத்தது யார்? ஏழு வருடம் சேர்விஸ் செய்த இடத்தில் ஒருவராவது அதைத் திறந்து பார்த்தாரா?

பற்றரி என்பது 7.2 வோல்ற் துண்டுகளைத் தொடராகக் கோத்த ஒன்று. ஒன்று களைத்தால் எல்லாவற்றையும் இழுத்து விழுத்தும். மூன்றை மாற்றினோம். மற்றவையும் அதே வயதுதான் என்று தம்பியே சொல்லிவிட்டார். வீட்டில் மனைவிக்குப் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன்.

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலத்தில் அப்பா ஒஸ்ரின் ஏ40 வைத்திருந்தார். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். தெருவெல்லாம் புகை. அந்தக் காரை நம்பலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அடிக்கடி பழுதாகும், வேலியோரத்திலேயே சரியாகும். என்னுடையது ஏழு வருடம் பழுதாகவில்லை. பழுதானபோது மடிகணினி இல்லாமல் தொடவே முடியவில்லை.

எண்ணெய்ச் செலவு இன்னும் குறைவுதான். கதவு சாத்தும் சத்தம்கூட வாங்கின நாள் மாதிரியே இருக்கிறது. இவ்வளவையும் சிநேகிதனுக்குச் சொல்லி, கடைசியில் "வாங்காதை" என்றேன். பில் அப்போதும் கையில்தான் இருந்தது.

இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. வரியோடு பார்த்தால் புதிதின் விலை தலைசுற்றும், பழையவையும் விலையேறித்தான் கிடக்கின்றன. அவனுக்கும் அது தெரியும்.

"அப்ப உன்ரையைத் தாவன்" என்றான்.

தரமாட்டேன் என்றேன்.