அம்மாவின் மருத்துவக் காப்பீடு: பாதி பணம் எங்கே போனது?

வயதான அப்பா, அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்திருப்பவர்கள், அந்தப் பாலிசியில் ரூம் வாடகை வரம்பு எவ்வளவு என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எங்கள் பணம் போனது அந்த ஒரு வரியில்தான்.

அம்மாவுக்கு 72 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 5 லட்சம் பாலிசி இருந்தது. விற்ற ஏஜென்ட், “ஒரு பைசா கையிலிருந்து போகாது சார், வீட்டுக்கு நர்ஸ் வைத்தாலும் கம்பெனி கொடுத்துவிடும்” என்று அம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கிலும், “கேஷ்லெஸ்தான், கவலைப்படாதீர்கள்” என்று சொல்லி ஒரு நாளைக்கு 8,000 ரூபாய் அறையைக் கொடுத்தார்கள். பாலிசி அனுமதிப்பதோ 5,000 ரூபாய் அறை. அந்த வித்தியாசத்தை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மொத்த பில் 3,60,000. அறை வாடகையில் நாளுக்குக் கூடுதலான 3,000 மட்டும்தானே நம் தலையில் விழும் என்று யாரும் நினைப்போம். அப்படி இல்லை. பெரிய அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாம் கூடும் என்பதால், அவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 8,000 அறைக்கு 5,000 வரம்பு என்றால் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். எங்களுக்கு முழு பில்லையும் அப்படி வெட்டி 2,25,000 ஆக்கினார்கள். அப்புறம் மூத்த குடிமக்கள் பாலிசி என்பதால் 20 சதவீதம் கோ-பேமென்ட், அதாவது நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. கடைசியில் வந்தது 1,80,000. பில்லில் சரிபாதி.

இதில் ஒரு பகுதி விதிமீறல். காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் சொன்னபடி, மருந்து, உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை போன்றவற்றை அறை வாடகையைக் காட்டி இப்படி வெட்டக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. எங்கள் பில்லில் இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை மட்டும் 1,60,000 இருந்தது. வகைவாரியாகப் பிரித்த பில்லை வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். முதலில் ‘பாலிசி நிபந்தனைப்படி சரி’ என்று இரண்டு வரிப் பதில். சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம், போகிறோம் என்று எழுதிய பிறகு 48,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்காமல் விடுகிற குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆம்பட்ஸ்மேனிடம் போக வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. முதலில் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ போகலாம். அதற்கு ஓராண்டுதான் கெடு. ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம்.

வீட்டு நர்ஸ் கதை வேறு. எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாளைக்கு மருந்து, பரிசோதனைச் செலவுதான் உண்டு. வீட்டில் ஆள் வைக்கும் செலவு சேராது என்று அச்சிட்டே இருக்கிறது. அந்தச் செலவைக் கையிலிருந்து போட்டு ஓர் ஏஜென்சியில் முன்பணம் கட்டினோம். ‘பயிற்சி பெற்ற நர்ஸ்’ என்று அனுப்பிய பெண்ணுக்குச் சுகர் பார்க்கத் தெரியவில்லை. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதுகூட யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்கு முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். வேலை தேடி வந்தவர், பாவம். ஏஜென்சியிடம் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவெண் கேட்டபோதுதான் பேச்சு மாறியது. நர்ஸ் கேட்டால் பதிவெண் கேளுங்கள். உதவியாளர் போதும் என்றால் உதவியாளருக்கான சம்பளம் மட்டும் பேசுங்கள். முன்பணம் திரும்பி வரும் நிபந்தனையை எழுதி வாங்காமல் கட்டாதீர்கள். எங்களுடையது இன்னும் வரவில்லை.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள், ரூம் வாடகை வரம்பு, கோ-பேமென்ட் இரண்டையும் ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சொன்னது ஒன்று, அச்சில் இருப்பது வேறு என்றால் அந்த 30 நாளை விட்டுவிடாதீர்கள்.